பெரியப்பாவின் நோட்டில் ஒரு ‘ல’

என் பெரியப்பா 31 வருஷம் ஒரு மில்லில் கணக்கு எழுதியவர். ரிட்டையர் ஆன பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் ஒரு நீள நோட்டுப் போட்டு, பால், கீரை, சிலிண்டர், பேரனுக்கு வாங்கிக் கொடுத்த கடலைமிட்டாய் வரைக்கும் தேதிவாரியாக எழுதி வைப்பார். மாதக் கடைசியில் கூட்டும்போது பத்து ரூபாய் இடித்தால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. அப்படிப்பட்டவரின் நோட்டில் சில வருஷங்களுக்கு முன் ‘ல’ என்று ஒரு வரி வர ஆரம்பித்தது. ல – 400. ல – 400. ல – 1,200. பிறகு ஒரே நாளில் இரண்டு தடவை. பெரியம்மா அதை லாண்டரி என்று நினைத்துக்கொண்டிருந்தார். (வீட்டிலேயே துவைத்து வீட்டிலேயே தேய்க்கிற குடும்பத்துக்கு எதற்கு லாண்டரி என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.) பெரியம்மா பேரில் இருந்த டெபாசிட் ஒன்றைப் பெரியப்பா உடைத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் நோட்டைப் பின்னாலிருந்து புரட்டிக் கூட்டிப் பார்த்தோம். எட்டு மாதத்தில் 3,12,000 ரூபாய்.

ல என்றால் லாட்டரி.

தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஆனால் நாங்கள் இருப்பது பொள்ளாச்சிப் பக்கம். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கேரள எல்லை, எல்லை தாண்டியதும் வரிசையாக லாட்டரிக் கடைகள். அங்கே அதை நடத்துவது அரசாங்கம்தான், தினமும் மதியம் 3 மணிக்குக் குலுக்கல். பெரியப்பா ‘வாக்கிங்’ என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான். வாழ்க்கையில் சீட்டுக்கட்டைக் கையால் தொடாதவர். பொங்கலுக்குத் திண்ணையில் தாயம் ஆடினால்கூடக் காசு வைக்கக் கூடாது என்று சத்தம் போடுகிறவர்.

நான் இங்கே எழுத வந்தது லாட்டரியைப் பற்றி இல்லை. ‘நாம் செய்வதை நாம்தான் செய்கிறோமா’ என்கிற பழைய கேள்வியைப் பற்றி. இதற்குச் சுயேச்சை என்று ஒரு நல்ல சொல் இருந்தது, அதைத் தேர்தலில் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிட்டோம், அதனால் சுயவிருப்பம் என்றே சொல்லிக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் கல்லூரி நாட்களில் நான் ஒரு பிரசாரகன். ஹாஸ்டலில் யாராவது “நான் முடிவு பண்ணிட்டேன்” என்று வாயைத் திறந்தால் போதும், “நீ முடிவு பண்ணலை, உன் மூளை அதுக்கு முன்னாடியே பண்ணிடுச்சு, உனக்கு லேட்டா நியூஸ் வந்துச்சு, அவ்வளவுதான்” என்று ஆரம்பித்துவிடுவேன். ஆதாரம் கேட்டால் கையில் எப்போதும் ஒரே ஆதாரம், பெஞ்சமின் லிபெட்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். லிபெட் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நரம்பியல் விஞ்ஞானி. 1983-இல் வெளிவந்த அவருடைய சோதனை இது. ஆளை உட்கார வைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, எதிரே ஒரு கடிகாரத்தை வைக்கிறார்கள். அதில் முள் கிடையாது, 2.56 விநாடிக்கு ஒரு சுற்று வருகிற ஒளிப்புள்ளி. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எப்போது தோன்றுகிறதோ அப்போது கையை மணிக்கட்டில் மடக்க வேண்டும், முன்கூட்டித் திட்டம் போடக் கூடாது, ‘மடக்கலாம்’ என்ற எண்ணம் வந்த நொடியில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன நேரம் சராசரியாக அசைவுக்கு 200 மில்லிவிநாடி முன்னால். ஆனால் மூளையில் மின்னழுத்தம் ஏறத் தொடங்கியது சுமார் 550 மில்லிவிநாடி முன்னால். அதாவது ஆளுக்கு எண்ணம் வருவதற்கு மூன்றில் ஒரு விநாடி முன்பே மூளை கிளம்பிவிட்டது. இந்த ஏற்றத்தை லிபெட் கண்டுபிடிக்கவில்லை, ஜெர்மனியில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் 1960-களின் நடுவிலேயே கண்டு ‘ஆயத்த அழுத்தம்’ என்ற பொருளில் பெயரும் வைத்துவிட்டார்கள். லிபெட் செய்தது அதன் பக்கத்தில் ஒரு கடிகாரத்தை வைத்தது. 2008-இல் ஜான்-டிலன் ஹேய்ன்ஸ் குழு மூளையைப் படம் எடுக்கும் ஸ்கேனரில் இதே மாதிரி ஒன்றைச் செய்து, இடது பட்டனா வலது பட்டனா என்பதை ஏழு விநாடி முன்பே ஊகிக்க முடிகிறது என்றதும் பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. ஊகம் சரியானது நூற்றுக்கு அறுபது தடவைதான் என்பதைத் தலைப்பில் யாரும் போடவில்லை. நானும் போடவில்லை. காசைச் சுண்டினாலே ஐம்பது வரும்.

அப்புறம் 2012-இல் ஆரன் ஷர்கர், ஹகோபோ சிட், ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் மூன்று பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று என் பிரசாரத்தின் காற்றைப் பிடுங்கிவிட்டது. எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவை வைத்துச் சொன்னால் எளிது. அதற்கு டைம் கிடையாது, ஆள் நிரம்பினால் கிளம்பும். காத்திருக்கும்போது நாலு பேர் ஏறுவார்கள், ரெண்டு பேர் பொறுமை இழந்து இறங்கிப் போவார்கள், மறுபடி மூணு பேர். இப்போது ஆட்டோ கிளம்பிய தருணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து நிமிஷம் பின்னோக்கி வீடியோவைப் பாருங்கள், எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போடுங்கள். என்ன தெரியும்? கூட்டம் சீராக ஏறிக்கொண்டே வந்து, உச்சத்தில் ஆட்டோ கிளம்புவதுதான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ‘முதல் ஆள் ஏறிய நொடியிலேயே கிளம்புவது முடிவாகிவிட்டது’ என்று சொன்னால் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். மூன்று பேர் ஏறி, ஏறிய மூன்று பேரும் இறங்கிப் போன நேரங்களை நாம் பார்க்கவே இல்லையே. மூளையிலும் எப்போதும் ஒரு ஏற்ற இறக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது, கையை மடக்க அவசரமும் இல்லை, காரணமும் இல்லை என்றால் அந்த அலை தற்செயலாக ஒரு கோட்டைத் தாண்டுகிற நேரத்தில் கை மடங்குகிறது என்பது இவர்கள் வாதம். லிபெட்டின் மின்னழுத்த வளைவு ஒரு தனி அசைவில் கண்ணுக்குத் தெரியாது, இரைச்சலில் மூழ்கிவிடும், நாற்பது தடவையைச் சராசரி போட்டால்தான் வரும். அந்தச் சராசரிக்குள்தான் விஷயம் இருந்திருக்கிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது 2019-இல் யூரி மாஓஸ், லியாட் முட்ரிக் முதலானோர் செய்தது. ஆட்களிடம் இரண்டு தொண்டு நிறுவனங்களைக் காட்டி, ஆயிரம் டாலர் நன்கொடை எதற்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சில சுற்றுகளில் தேர்வு உண்மையிலேயே பணத்தை முடிவு செய்யும், சிலவற்றில் எதை அமுக்கினாலும் இரண்டுக்கும் சமமாகப் பங்கு, ஆகவே சும்மா அமுக்குவது. சும்மா அமுக்கியபோது அந்த ஆயத்த ஏற்றம் வந்தது. யோசித்து அமுக்கியபோது இல்லை, இருந்தாலும் மிகச் சொற்பம். காரணமே இல்லாமல் கையை மடக்குகிற ஒரு காரியத்தை அளந்துவிட்டு, கல்யாணம், கடன், கொலை எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, லிபெட் போனால் சுயவிருப்பம் திரும்பி வந்துவிடுமா? அப்படித்தான் கொஞ்ச நாள் நினைத்தேன். பெரியப்பாவின் நோட்டைக் கூட்டுகிற வரைக்கும்.

அவருக்கு பார்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் வந்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. முதலில் வலது கை விரல் நடுக்கம், பிறகு எழுத்து சிறுத்துப்போனது. நோட்டின் பழைய பக்கங்களையும் புதிய பக்கங்களையும் பக்கத்தில் வைத்தால் எறும்புக்காக எழுதிய மாதிரி இருக்கும். அப்புறம் நடை. வாசல் நிலைப்படி வந்தால் அப்படியே நின்றுவிடுவார். கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேல் உடம்பு முன்னே சாயும், கால் வராது. “போகோணும்னுதான் கண்ணு நெனைக்கிறேன், காலு கேக்கமாட்டேங்குது” என்பார். பிசியோதெரபிக்கு வந்த பெண் ஒரு வழி சொன்னார்: தரையில் குறுக்கே கோடுகள் போடுங்கள், கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். பெரியம்மா கோலமாவில் நிலைப்படிக்கு முன்னால் நான்கு கோடு இழுத்தார். நம்ப மாட்டீர்கள், பெரியப்பா ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாண்டி வெளியே போய்விட்டார். தெருவில் பார்த்தவர்கள் வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

இதற்கு நரம்பியலில் ஒரு விளக்கம் உண்டு. வெளியே எந்தத் தூண்டுதலும் இல்லாமல் தானாக ஒரு அசைவைத் தொடங்குவதற்கு ஒரு பாதை. மூளையின் அடியாழத்தில் டோபமின் என்கிற ரசாயனத்தை நம்பி ஓடுகிற பகுதிகளும், உச்சி மேட்டின் நடுவில் இருக்கிற ஒரு பகுதியும் சேர்ந்தது. கண்ணில் படுகிற ஒன்றைப் பார்த்து அசைவதற்கு வேறொரு பாதை. பார்கின்சனில் முன்னது பழுதாகிறது, பின்னது பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது, கோலக்கோடு அந்த இரண்டாவது வழியாக ஆளை வெளியே கொண்டுவருகிறது. இதில் ஒரு வேடிக்கை, லிபெட்டின் வளைவில் பெரும்பங்கு எழுவது அதே உச்சி நடுப்பகுதியிலிருந்துதான். தூண்டுதலே இல்லாத, தானாகக் கிளம்புகிற அசைவு என்று அவர் தேடித் தேடி அளந்தது எதுவோ, அதைத்தான் நோய் பெரியப்பாவிடமிருந்து பிடுங்கியிருந்தது. ஆனால் நிலைப்படியில் ஒட்டிக்கொண்டு நின்றவரின் விருப்பத்தில் ஒரு குறையும் இல்லை. போக வேண்டும் என்பது தெளிவாக இருந்தது, எதற்குப் போக வேண்டும் என்பதும் தெளிவாக இருந்தது (ரேஷன் கடை). கால்தான் இல்லை.

கால் வருவதற்கு ஒரு மாத்திரை சேர்த்தார்கள். பிரமிபெக்சோல். டோபமின் இல்லாத இடத்தில் டோபமின் மாதிரி நடிக்கிற மருந்து, நிறையப் பேருக்கு நன்றாகவே வேலை செய்வது. பெரியப்பாவுக்கும் செய்தது. அளவைக் கூட்டினார்கள், நடை சரளமானது, முகத்தில் சிரிப்பு வந்தது, வாக்கிங் போனார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். தூக்கம் வரும், வயிற்றைப் புரட்டும், எழுந்தால் தலை சுற்றும் என்று எங்களிடம் சொன்னார்கள். இன்னொன்றைச் சொல்லவில்லை, அல்லது சொன்னது எங்கள் காதில் ஏறவில்லை.

விஷயம் வெளியே வந்த அன்று வீட்டில் நடந்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெங்களூரிலிருந்து அண்ணன் வந்து கத்தினான். பெரியம்மா பேசுவதையே நிறுத்தினார். அத்தை ஒருத்தர், “ரத்தம் போகுமா? மாமனாரே சேவக்கட்டுல தோட்டத்தை விட்டவரு” என்று எங்கள் தாத்தாவை இழுத்தார். நான்? ஹாஸ்டலில் ‘யாரும் எதையும் முடிவு செய்வதில்லை’ என்று முழங்கியவன், “உங்களுக்கு வெக்கமா இல்லையா பெரியப்பா” என்று கேட்டேன். என் தத்துவம் முழுவதும் சேர்ந்து அந்த ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, நடு ராத்திரியில் போனில் மருந்தின் பெயரை அடித்துப் பார்த்தபோதுதான் அது கிடைத்தது. 2005-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், பார்கின்சன் வந்த பிறகு சூதாட்டத்தில் விழுந்த 11 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அதில் 9 பேர் சாப்பிட்டது இதே மாத்திரை. 2010-இல் 3,090 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. சூது, கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவது, அளவில்லாமல் தின்பது, அடங்காத காம இச்சை என்று நான்கில் ஒன்றாவது இருந்தவர்கள், இந்த வகை மருந்து சாப்பிடுகிறவர்களில் 17.1 சதவீதம், சாப்பிடாதவர்களில் 6.9 சதவீதம். 2012-இல் பிரான்சின் ரென் நகரில் ஒரு நீதிமன்றம், இந்த வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தைச் சாப்பிட்டுச் சூதில் வீணாய்ப்போன ஒருவருக்கு நஷ்டஈடே கொடுக்கச் சொல்லியிருக்கிறது.

ஏன் இப்படி என்பதுதான் என்னை உலுக்கியது. ஒன்று, பார்கின்சன் எல்லா இடத்து டோபமினையும் ஒரே சீராகத் தின்பதில்லை. அசைவுக்கான மேல்பகுதியில் முதலில் வறட்சி, ஆசைக்கும் பரிசுக்குமான அடிப்பகுதியில் ரொம்ப நாள் ஈரம் இருக்கும். காய்ந்த வயலுக்குத் தேவையான அளவு மடையைத் திறந்தால் பக்கத்து வயல் மூழ்கிவிடுகிறது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. எதிர்பார்த்தது கிடைக்காதபோது மூளையில் டோபமின் ஒரு நொடி சட்டென்று சரியும், அந்தச் சரிவுதான் ‘இது வேண்டாம், விடு’ என்ற பாடம். மருந்தோ எந்நேரமும் உட்கார்ந்துகொண்டு அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. 2004-இல் மைக்கேல் ஃபிராங்க் குழு காட்டியது இதுதான்: பார்கின்சன் நோயாளிகள் மருந்து எடுத்த நிலையில் பரிசிலிருந்து நன்றாகக் கற்கிறார்கள், மருந்து எடுக்காத நிலையில் இழப்பிலிருந்து நன்றாகக் கற்கிறார்கள். பெரியப்பா எட்டு மாதம் தினமும் தோற்றார், தோற்றதை அன்றன்றைக்கே நோட்டில் எழுதினார், கூட்டல் புள்ளி சுத்தம். கணக்குத் தெரிந்தது. கணக்கு உறைக்கவில்லை.

(இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கிற மாத்திரையைத் தூக்கி வீசிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வேறு கஷ்டங்கள் வரும். டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது, குறைத்த இரண்டாம் மாதம் ‘ல’ நோட்டிலிருந்து காணாமல் போனது.)

மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்றொரு அறுவை நிபுணர் இருந்தார். வலிப்பு நோயாளிகளை விழித்த நிலையிலேயே வைத்து, திறந்த மூளையில் மின்முனையால் தொடுவார், கை தானாக மடங்கும். “நான் செய்யவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள்” என்பார்கள் நோயாளிகள். இது நமக்கு ஆறுதலான பதில், ‘நான்’ ஒரு பக்கம், மூளையைத் தூண்டியவன் இன்னொரு பக்கம் என்று கோடு சுத்தமாக விழுகிறது. பெரியப்பா விஷயத்தில் அந்தக் கோடு விழவே இல்லை. யாரோ உள்ளே புகுந்து தள்ளியதாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. டிக்கெட் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான், ரேஷனுக்குப் போக வேண்டும் என்று தோன்றுவதைப் போலவே. ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் என்ற தத்துவவாதி 1971-இல் ஒரு உரைகல் கொடுத்தார்: ஆசை வருவது எல்லாருக்கும்தான், அந்த ஆசையை நீ ஆசைப்படுகிறாயா என்று கேள். போதைக்கு அடிமையான இரண்டு பேரில் ஒருவன் தன் ஆசையை வெறுத்துப் போராடித் தோற்கிறான், இன்னொருவன் அதை மனமொப்பி ஏற்கிறான், இருவரும் ஒன்றில்லை. நல்ல உரைகல்தான். நான் ஒரு நாள் பெரியப்பாவிடம் இதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டேன், “அப்ப உங்களுக்கே அது பிடிச்சிருந்துச்சா?” நெடுநேரம் யோசித்தார். “பிடிச்சிருந்துச்சு கண்ணு. பேரனைக் காலேஜுல சேர்க்கோணும், அதுக்குத்தான்னு நெனச்சேன். நல்ல காரியமாத்தான் தெரிஞ்சுது.” ஆக மாத்திரை ஆசையை மட்டும் தரவில்லை, ஆசைக்குக் கையெழுத்துப் போடுகிற மேலதிகாரியையும் சேர்த்தே வாங்கிவிட்டது. ஃபிராங்க்ஃபர்ட்டின் உரைகல்லில் உரசினால் பெரியப்பா முழுச் சுதந்திரத்தோடு லாட்டரி வாங்கியவர் என்றாகிறது. இது எனக்கு ஒப்பவில்லை.

மருந்தின் கதை தெரிந்ததும் வீடு ஒரே நாளில் தலைகீழானது. அண்ணன் அழுதான். பெரியம்மா பேசினார். “பாவம், அவரு என்ன பண்ணுவாரு, எல்லாம் அந்த மாத்திரை” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னோம், அவர் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் தலைக்கு மேலாக. பர்ஸை ஒளித்து வைத்தோம். ஏடிஎம் கார்டை அண்ணன் எடுத்துக்கொண்டான். எல்லாம் அன்போடு. பெரியப்பா திட்டு வாங்கிய நாட்களில்கூட அவ்வளவு சுருங்கிப் போகவில்லை. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் வெடித்தார். “மாத்திரையா பஸ் ஏறிப் போச்சு? மாத்திரையா பேங்குல கையெழுத்துப் போட்டுச்சு? நீங்க திட்டுனப்பக்கூட என்னை மனுசனா வெச்சுத் திட்டுனீங்க. இப்ப டிவி ரிப்பேர் ஆன மாதிரி பேசறீங்க.”

பீட்டர் ஸ்ட்ராசன் 1962-இல் எழுதிய கட்டுரையை நான் முன்பே படித்திருந்தேன், ஆனால் அது புரிந்தது அந்தச் சாயங்காலம்தான். ஒரு மனிதரை நாம் இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்கிறார் அவர். கோபம், நன்றி, வருத்தம், மன்னிப்பு எல்லாம் புழங்குகிற உறவுக்குள் வைத்துப் பார்ப்பது ஒன்று. கையாள வேண்டிய, சரிசெய்ய வேண்டிய ஒரு பொருளாக, தள்ளி நின்று பார்ப்பது இன்னொன்று. பைத்தியம், குழந்தை, கடும் நோய் என்றால் நாம் இரண்டாவதற்கு மாறுகிறோம். பிரபஞ்சம் முழுக்கக் காரண காரியத்தால் கட்டப்பட்டது என்று நாளைக்கே நிரூபணமானாலும் எல்லாரையும் எந்நேரமும் அப்படித் தள்ளி நின்று பார்த்து நம்மால் வாழ முடியாது, பொறுப்பு என்பது ஏதோ மூளைக்குள் ஒளிந்திருக்கிற சரக்கு அல்ல, நாம் ஒருவரை ஒருவர் நடத்துகிற விதத்தில் இருப்பது என்பது அவர் வாதம். இதில் சுவாரசியம், அவருடைய மகன் கேலன் ஸ்ட்ராசனும் தத்துவவாதி, அவர் நேர் எதிர். நீ இப்படி நடப்பது நீ இப்படி இருப்பதால், நீ இப்படி இருப்பதை நீயே உண்டாக்கவில்லை, உண்டாக்கினாய் என்றால் அப்படி உண்டாக்கிய ‘நீ’ எங்கிருந்து வந்தது, ஆகவே கடைசிப் பொறுப்பு யாருக்கும் கிடையாது. அப்பனும் மகனும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

மகனின் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஷர்கரோ மாஓஸோ அதைத் தொடவும் இல்லை, மில்லிவிநாடியை வைத்து அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அத்தை தாத்தாவின் சேவக்கட்டை இழுத்தாரே, அதுகூட வெறும் வாய்ச்சொல் இல்லை, அந்த 3,090 பேர் ஆய்வில் குடும்பத்தில் சூதாட்டப் பிரச்சினை இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிட்ட எல்லாரும் லாட்டரிக் கடைக்குப் போகவில்லை, ஆறில் ஐந்து பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பாவைத் தள்ளியது மாத்திரை என்றால், மாத்திரைக்கு வழிவிட்டது தாத்தாவின் ஏதோ ஒன்று, தாத்தாவுக்கு அதைக் கொடுத்தது யார்? இப்படிப் போனால் ஆதாம் வரை போகலாம். எழுபது வருஷம் சீட்டைத் தொடாமல் இருந்தாரே, அந்தப் பெருமையையும் அப்போது அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் அவர் மூளையில் டோபமின் இருந்த அளவின் புண்ணியம்தானே. மருந்துச் சீட்டு எழுதித் தராத டோபமினை மட்டும் ‘நான்’ என்று கூப்பிடுகிறோமா? பல ராத்திரி இதில் சுற்றியிருக்கிறேன்.

ஆனால் மகனின் வாதத்தைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை என்பதும் உண்மை. அவருக்கு அது மன்னிப்பாகத் தெரியாது, அவமானமாகத் தெரியும். நான் இப்போது நிற்கிற இடம் ரொம்பக் கௌரவமான இடம் இல்லை: அந்த எட்டு மாதத்துக்கு அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிற உரிமையை அவரிடமிருந்து பிடுங்கவும் மாட்டேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது என்று யாராவது சொன்னால், ஆமாம், ஒட்டாதுதான்.

நோட்டில் இப்போது வேறொரு எழுத்து. ஒவ்வொரு மாதமும் பென்ஷன் வந்ததும் ‘க – 4,000’. க என்றால் கடன். பெரியம்மா பேரில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கி, உடைத்த டெபாசிட்டை அடைக்கிறார். “மாத்திரை பண்ணுனதுக்கு நீங்க எதுக்குக் கட்டறீங்க” என்று பெரியம்மா சண்டைக்கு வந்தார். “வட்டி போட்டுக் கட்டோணும், அதைத்தான் விட்டுட்டேன்” என்று பதில் வந்தது.

போன மாதம் பாலக்காட்டில் ஒரு கல்யாணம். நானும் அவரும் பஸ்ஸில் போனோம். திரும்பும்போது எல்லைக்குப் பக்கத்தில் டீக்கு இறங்கினோம், எதிரிலேயே கடை, கயிற்றில் துணி காயப்போட்ட மாதிரி டிக்கெட்டுகள். அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதை அவரும் கவனித்துவிட்டார்.

“என்ன பாக்கறே?”

“ஒண்ணுமில்லீங்க பெரியப்பா. வாங்கோணும்னு தோணுதா?”

“தோணலை.” கொஞ்ச நேரம் டம்ளரை ஆற்றிக்கொண்டே இருந்தார். “அன்னிக்குத் தோணுனதும் நான்தான்னு இருந்துச்சு. இன்னிக்குத் தோணாம இருக்கறதும் நான்தான்னு இருக்குது. உன்ர புஸ்தகத்துல இதுக்கு என்ன போட்டிருக்குது?”

புத்தகத்தில் ஒன்றும் போடவில்லை என்றேன். சிரித்தார். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ்ஸுக்கு வந்தோம், படிக்கட்டுக்கு ஒரு அடி முன்னால் கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஆட்கள் “ஏறுங்க, ஏறுங்க” என்று நெருக்கினார்கள். கோலமாவுக்கு எங்கே போவது. நான் என் செருப்புக் காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே நீட்டினேன். குனிந்து அதைப் பார்த்தார், தாண்டி ஏறினார். உட்கார்ந்ததும் டீக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். இருபத்து நாலு என்றேன்.

வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டார்.